பதினேழாவது முடிச்சு

ஜெலுத்தோங்கில் ஒன்பதாவது மாடி.
கீழே கடையில் கரண்டி
குவேதியாவ் சட்டியோடு சண்டை பிடிக்கிறது.
பகலெல்லாம் பயான் லெப்பாஸில்
யாருடைய இரத்தத்தையோ அளக்கப்போகும் கருவிக்கு
மூடி வரைகிறேன்.
அரை மில்லிமீட்டர் தவறினால்
மேலாளர் பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான்.
இரவில் எனக்கே எனக்காக
ஒரு தக்ராவ் பந்து.

நடுவில் சுழியம். அதிலிருந்து
எல்லாப் பக்கமும் ஒரே தூரம் என்றால் உருண்டை;
பள்ளியில் அப்படித்தான் எழுதி மதிப்பெண் வாங்கினேன்.
பிரம்புப் பந்து அப்படிப்பட்டதல்ல.
அது ஆறு வளையங்களின் பேச்சுவார்த்தை.
இங்கே மேலே போனது
அடுத்த இடத்தில் கீழே போயாக வேண்டும்.
துளை பன்னிரண்டு, ஐங்கோணமாய்.
மூன்று மூன்றாய் வளையங்கள் சந்திக்கும்
முடிச்சு இருபது.

நான்காம் இரவு முடிந்தது.
சுழற்றினேன், கவிழ்த்தேன், கிட்டே இழுத்தேன்,
ஒரு குறை தெரியவில்லை.
ஊருக்கே காட்ட வேண்டும்போல் இருந்தது.
ஊர் என்றால் எனக்கு ஒருத்திதான்:
பூங்கோதை, பிறையில் இருப்பவள்.
'பிறைக்காரிக்கு முழுநிலா' என்று எழுதி
அசடு வழிகிறதென்று அழித்தேன்.
கோப்பு மட்டும் கடலைத் தாண்டியது.
பாலத்தில் அந்நேரம் நெரிசல்;
அதற்கு அது பொருட்டில்லை.

இரண்டு வருடமாய்
எங்களுக்குள் போய்வந்தவை:
முறுக்கு அச்சின் நட்சத்திரத் துளை,
கோம்தாரின் பன்னிரண்டு பக்கம்,
மேலே போய் மேலே போய்
தொடங்கிய இடத்திலேயே முடியும் படிக்கட்டு,
அவள் வாடகை வீட்டின் ஒழுகும் குழாய், சொட்டு உட்பட.
முகம் பார்த்ததில்லை.
ஆனால் ஒரு வளைவை எப்படி முடிப்பாள் என்று தெரியும்.
யாரும் திருப்பிப் பார்க்காத அடிப்பக்கத்தையும்
இழைத்து வைத்திருப்பாள்.

மறுநாள் திரும்பி வந்தது.
கூடவே ஒரு சொல் இல்லை.
திறந்தேன்.
இருட்டு.
கோப்பு கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.
பிறகு புள்ளி புள்ளியாய் மஞ்சள் கூடி,
தலைக்கு மேல், காலுக்குக் கீழ்,
ஐங்கோணச் சன்னல்கள்.
பந்துக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

இந்த மென்பொருளுக்கு ஒரு குணம்.
கடைசியாய்ச் சேமித்தவர்
எங்கே நின்று பார்த்தாரோ
அங்கேயே கொண்டுபோய் நிறுத்தும்
அடுத்தவரை.
அவள் கண் இருந்த இடத்தில்
என் கண்.

எதிரே பதினேழாவது முடிச்சு.
அங்கே ஒரு வளையம் இன்னொன்றுக்கு
மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை;
ஊடே போயிருந்தது,
பேய் சுவரைக் கடப்பதுபோல.
வெளியிலிருந்து பார்த்தால்
நிழல் மூடிவிடும்.
பிரம்பு ஒப்பாது இதற்கு,
முறியும், இல்லை விரலைக் கிழிக்கும்.
திரை எதையும் தடுப்பதில்லை,
எல்லாவற்றுக்கும் தலையாட்டும்
முதலாளியின் மச்சானைப்போல.

வாயால் சொல்லியிருக்கலாம் என்று
ஒரு கோப்பி ஆறும்வரை கோபம்.
சொல்லியிருந்தால்
'சரி லா, பிறகு பார்க்கிறேன்' என்றிருப்பேன்.
பார்த்திருக்கமாட்டேன்.

பதினேழைப் பிரித்தால் பதினாறு நெகிழ்ந்தது.
பதினாறைத் தொட்டால், எங்கோ எதிர்ப்பக்கம்
நான்கு கோணிக்கொண்டது.
பாங்கொலி கேட்ட நேரத்தில்
ஆறும் மறுபடி கைகோத்தன.

உள்ளே அவள் வைத்துப்போன விளக்கு
பட்டியலில் தனியாய்க் கிடந்தது.
பெயர்: குசினி பல்பு.
அழிக்கப் போன விரலை எடுத்துக்கொண்டேன்.

சேமிக்குமுன்
எங்கே நிற்பது என்று வெகுநேரம் யோசித்து,
ஒரு துளை வழியே வெளியே வந்து,
இரண்டடி தள்ளி, கொஞ்சம் தாழ்ந்து,
பந்து எழும்பி
இன்னும் இறங்கத் தொடங்காத கணத்துக்குக் கீழே,
உதைக்கக் கால் தூக்கியவர் நிற்கும் இடத்தில்
அவளை நிறுத்திவிட்டு
அனுப்பினேன்.